‘மே 22-ல் பணம் இரட்டிப்பாகும்’: ஆயிரம் டாலர் அறிக்கை ஒன்றின் வழக்கு

2002-ஆம் ஆண்டு மே மாத நடுவில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து முதலீட்டுச் செய்திமடல்களை வெளியிட்டுவந்த அகோரா நிறுவனத்தின் வாசகர்கள் லட்சக்கணக்கானோருக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று. மே 22-ஆம் தேதி உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள் என்று அதன் தலைப்பு அழைத்தது. பெயர் சொல்லாத ஒரு நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மூத்த அதிகாரி ஒருவர் கொடுத்த தகவல் கையில் இருப்பதாகவும், பெரியதோர் ஒப்பந்தம் குறித்த அறிவிப்பு அந்த நாளில் வெளியாகும் என்றும், அப்போது பங்கின் விலை எகிறும் என்றும் கடிதம் விளக்கியது. எந்த நிறுவனம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்தப் பெயர் தெரிய வேண்டுமானால் 1,000 டாலர் கட்டிச் சிறப்பு அறிக்கையை வாங்க வேண்டும். கடிதத்தின் கீழே ஜே மெக்டேனியல் என்ற பெயர் இருந்தது. அது புனைபெயர். பின்னால் இருந்தவர் அகோராவின் துணை நிறுவனமான பைரேட் இன்வெஸ்டரை நடத்திவந்த ஃபிராங்க் போர்ட்டர் ஸ்டான்ஸ்பெரி.

கட்டணப் பங்குப் பரிந்துரைச் சேவைகளின் மீது சந்தாதாரர்களுக்கு இருக்கும் மனக்குறை புதியதன்று. பரிந்துரைத்த பங்கு விழுந்துவிட்டது, விளம்பரத்தில் சொன்ன லாபம் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை, சந்தாவை நிறுத்தச் சொன்ன பிறகும் கார்டிலிருந்து பணம் போகிறது என்று குறைகள் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இவற்றில் எது சட்டத்தின் காதில் விழும், எது விழாது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வழக்குகள் குறைவு. ஒரே ஒரு மின்னஞ்சல், ஒரே ஒரு பங்கு, குறிப்பிட்ட ஒரு தேதி என்று எல்லாமே சரிபார்க்கத்தக்க வடிவில் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

அறிக்கையில் பெயர் வெளியான நிறுவனம், அணு உலைகளுக்கு எரிபொருளாகும் யுரேனியத்தைச் செறிவூட்டி விற்றுவந்த யூஸெக். அமெரிக்காவும் ரஷ்யாவும் 1993-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சோவியத் கால அணுகுண்டுகளில் இருந்த 500 டன் உயர்செறிவு யுரேனியம் இருபது ஆண்டுகளில் நீர்த்த எரிபொருளாக மாற்றப்பட்டு அமெரிக்க மின் நிலையங்களுக்கு வந்து சேர வேண்டும். அதை வாங்கி விற்கும் அமெரிக்கத் தரப்பு முகவர் யூஸெக்தான். வாங்கும் விலையை எப்படி நிர்ணயிப்பது என்பதில் 2002-ன் தொடக்கத்தில் புதிய ஏற்பாடு ஒன்று உருவாகி, இரு நாட்டு அரசுகளின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. அதே மே மாதப் பிற்பகுதியில் அதிபர் புஷ் மாஸ்கோவில் புடினைச் சந்திக்கவிருந்தார். ஆக, கதைக்கு வேண்டிய கூறுகளில் பெரும்பாலானவை உண்மை. யூஸெக் உண்மை, விலை ஏற்பாடு உண்மை, ஒப்புதல் வரவேண்டியிருந்ததும் உண்மை. இந்த அளவுக்குப் பொது வெளியில் இருந்த செய்திகளை வைத்து ஒருவர் ஊகம் செய்து, என் கணிப்பு இது என்று எழுதியிருந்தால் அதில் குற்றம் காண இடமே இல்லை.

ஆனால் ஊகத்தை யார் 1,000 டாலர் கொடுத்து வாங்குவார்கள்? விலைக்கேற்ற சரக்காக அதை ஆக்கியது அந்த ‘உள்ளிருக்கும் மூத்த அதிகாரி’தான். யூஸெக் நிறுவனத்தில் முதலீட்டாளர் தொடர்பைக் கவனித்துவந்த அதிகாரியோடு ஸ்டான்ஸ்பெரி தொலைபேசியில் பேசியிருந்தார். அந்த உரையாடலில், ஒப்புதல் உறுதி என்றும் மே 22 என்ற தேதியைக் கவனிக்கும்படியும் அந்த அதிகாரி சொன்னதாக அறிக்கை காட்டியது. அப்படி எதையும் தாம் உறுதியளிக்கவில்லை என்றார் அதிகாரி. நீதிமன்றம் அவரைத்தான் நம்பியது.

அறிக்கையை 1,200-க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். சிலருக்குப் பணம் திருப்பித் தரப்பட்ட பிறகும் விற்பனை வரவு 10 லட்சம் டாலருக்கு மேல் நின்றது. அறிக்கை போய்ச் சேர்ந்த நாட்களில் யூஸெக் பங்கின் வர்த்தக அளவு திடீரெனப் பெருகியது. மே 22 வந்தது, போனது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஒப்புதல் பிறகு ஜூன் மாதத்தில்தான் வெளியானது, அப்போதும் எவருடைய பணமும் இரட்டிப்பாகவில்லை.

இதில் ஒரு விஷயத்தைத் தனியே கவனிக்க வேண்டும். ஸ்டான்ஸ்பெரியோ பைரேட் இன்வெஸ்டரோ முன்கூட்டியே யூஸெக் பங்குகளை வாங்கி வைத்து, வாசகர்களை வாங்கத் தூண்டி, ஏறிய விலையில் விற்று வெளியேறியதாகக் குற்றச்சாட்டு இல்லை. நம் ஊரில் டெலிகிராம் குழுக்களின் மீது இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி எடுத்த நடவடிக்கைகளில் அடிக்கடி வரும் அந்த முறைகேடு இங்கே நடக்கவில்லை. இவர்களுக்கு வருமானம் வந்தது அறிக்கையின் விலையிலிருந்து மட்டுமே. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் 1,000 டாலர் ஏற்கனவே வசூலாகிவிட்டது. சட்டப்படி பார்த்தால் இந்த வழக்கைச் சிக்கலாக்கியதும் இதே விஷயம்தான்.

அமெரிக்காவில் முதலீட்டு ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1940-லிருந்து இருக்கிறது. ஆலோசகர் என்றால் பதிவு வேண்டும், வாடிக்கையாளரின் நலனை முன்னிறுத்தும் கடமை உண்டு. ஆனால் அந்தச் சட்டமே செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் விலக்களிக்கிறது. பணம் கட்டிப் படிக்கும் பங்குப் பரிந்துரை மடல் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல், லோ என்ற பதிப்பாளரின் வழக்கில் விடை சொன்னது. வாடிக்கையாளரின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகவும் வேறு குற்றங்களுக்காகவும் தண்டனை பெற்று, ஆலோசகர் பதிவையும் இழந்தவர் அவர். அதன் பிறகும் மடல் வெளியிட்டுவந்த அவரைத் தடுக்க, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி முயன்றது. முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தனிப்பட்ட ஒருவரின் நிலைமைக்கேற்ப ஆலோசனை சொல்லாமல், எல்லாருக்கும் ஒன்றாக, முறையான கால இடைவெளியில், நேர்மையாக வெளியிடப்படும் மடல் ஒரு பத்திரிகையே என்பதும், பத்திரிகைக்கு உள்ள விலக்கு அதற்கும் உண்டு என்பதும் தீர்ப்பின் சாரம்.

சந்தாதாரர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தீர்ப்பு தெரியாது. ஆலோசகரை அமர்த்திக்கொண்டதாக நினைத்து அவர்கள் பணம் கட்டுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்கள் வாங்குவது ஒரு பத்திரிகையின் பிரதி. பங்கு விழுந்ததற்காகப் பத்திரிகை ஆசிரியர் மீது வழக்குப் போட முடியாது. இத்தகைய சேவைகள் மீதான மனக்குறையில் பாதி இந்த இடைவெளியில் பிறப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சேவை நடத்துவோர் அந்த இடைவெளியை அறிந்தே பேணுகிறார்கள். விளம்பரத்தின் நடையில் ஆலோசகரின் குரல் ஒலிக்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பாளரின் குரல் ஒலிக்கும்.

ஆகவே எஸ்இசி 2003-ல் மேரிலாந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது ஆலோசகர் சட்டத்தை நம்பி நிற்காமல், பங்குப் பரிவர்த்தனையில் ஏமாற்றுவதைத் தடைசெய்யும் பொதுவான விதியைக் கையில் எடுத்தது. எதிர்த்தரப்பின் வாதம் லேசானதன்று. நாங்கள் பங்கு வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, வாசகருக்கு நாங்கள் தரகருமில்லை, ஆலோசகருமில்லை, ஓர் எழுத்தை விற்றோம், அதில் பிழை இருந்தால்கூடக் கருத்துரிமை எங்களைக் காக்கும் என்றார்கள் அவர்கள். பத்திரிகை அமைப்புகள் சிலவும் இந்த வழக்கைக் கவலையோடு பார்த்தன. ஒரு நிறுவன அதிகாரி தவறாக மேற்கோள் காட்டப்பட்டதாகச் சொன்னால், வணிகச் செய்தி எழுதும் ஒவ்வொரு நிருபர் மீதும் பங்கு மோசடி வழக்குப் பாயுமோ என்ற அச்சம் அர்த்தமற்றதன்று.

ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்த இந்த வழக்கில், மார்வின் கார்பிஸ் 2007 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். கணிப்பு பலிக்காததற்காக அவர் யாரையும் தண்டிக்கவில்லை. அதிகாரி சொல்லாததைச் சொன்னதாகத் தெரிந்தே எழுதியதும், அந்தப் பொய்யை வைத்தே அறிக்கையை விற்றதும்தான் மோசடி என்று தீர்மானித்தார். தெரிந்து சொல்லும் பொய்க்குக் கருத்துரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றார். பைரேட் இன்வெஸ்டரும் ஸ்டான்ஸ்பெரியும் திருப்பித் தர வேண்டிய தொகையும் அபராதமுமாகச் சேர்த்துச் சுமார் 15 லட்சம் டாலர் கட்ட உத்தரவாயிற்று.

2009 செப்டம்பரில் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஏமாற்று வேலைக்கும் பங்குப் பரிவர்த்தனைக்கும் எவ்வளவு நெருக்கம் இருக்க வேண்டும் என்பதே அங்கே முக்கியக் கேள்வி. ஏமாற்றியவர் தாமே பங்கை வாங்கி விற்றிருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் விளக்கியது. வாசகர் பங்கை வாங்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்ததா, விவேகமுள்ள முதலீட்டாளர் நம்பக்கூடிய ஊடகத்தின் வழியாக அந்தப் பொய் பரப்பப்பட்டதா என்பவை போன்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்த்து முடிவுசெய்தது. மே 22-க்கு முன் வாங்குங்கள் என்று தேதி குறித்து எழுதிய பிறகு, அவர்கள் வாங்குவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை என எப்படிச் சொல்ல முடியும்? 2010-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்ததோடு வழக்கு முடிந்தது. மின்னஞ்சல் வந்ததிலிருந்து எட்டு ஆண்டுகள்.

தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் வாங்கியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. அந்த மின்னஞ்சல் விற்றது வெளியாருக்குக் கிட்டாத உள்தகவல். அது மெய்யாகவே உள்தகவலாக இருந்து, அதை வைத்துப் பங்கு வாங்கியிருந்தால், வாங்கியவர்களே உள்தகவல் வர்த்தகச் சட்டத்தின் எல்லைக்குள் வந்திருக்கக் கூடும். தகவல் பொய்யாக இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. இதைப் பற்றி எவரும் குறைபட்டதாகத் தெரியவில்லை.

இனி, சட்டத்தின் காதில் விழாத குறைக்கு வருவோம். பொய் சொல்லாத, தேதி குறிக்காத, புனைபெயர் வைத்துக்கொள்ளாத பரிந்துரைச் சேவையின் சந்தாதாரரும் மனம் நொந்துதான் வெளியேறுகிறார். ஏன்? ஆண்ட்ரூ மெட்ரிக் என்ற பொருளியலாளர் 153 முதலீட்டு மடல்களின் பங்குப் பரிந்துரைகளை எடுத்து ஆராய்ந்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அவை மொத்தமாகப் பார்க்கையில் பங்குத் தேர்வில் தனித் திறமை எதையும் காட்டவில்லை என்று கண்டார். மோசமாக இருந்தன என்றும் அவர் சொல்லவில்லை. சந்தை சராசரியாக என்ன தந்ததோ அதை ஒட்டியே இருந்தன. அப்படியானால், சந்தாக் கட்டணமும் தரகும் போனபின் கையில் நிற்பது சராசரிக்கும் கீழே.

விளம்பரத்தில் காணும் கணக்கும் சந்தாதாரரின் கணக்கும் வேறுபடுவதற்கு வேறொரு எளிய காரணமும் உண்டு. பரிந்துரை வெளியான தருணத்தில் இருந்த விலையைத் தொடக்கமாக வைத்துச் சேவை தன் லாபத்தைக் கணக்கிடும். ஆனால் அதே செய்தியை அதே நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். வர்த்தக அளவு குறைவான சிறு நிறுவனப் பங்காக இருந்தால் அத்தனை பேரும் வாங்கப் பாய்ந்ததில் விலை உடனே ஏறிவிடும். அலுவலக வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் கழித்துச் செய்தியைப் பார்ப்பவர் ஏறிய விலையில்தான் வாங்குவார். ‘வெளியேறுங்கள்’ என்ற செய்தி வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். அறிவிக்கப்பட்ட லாபமும் உண்மைதான், சந்தாதாரரின் நஷ்டமும் உண்மைதான். வழக்குப் போட இங்கே பொய் எங்கே இருக்கிறது?

பங்கு பற்றிய குறைக்கு வழியில்லாத இடத்தில், பில் பற்றிய குறைதான் சட்டத்தின் கதவைத் தட்ட முடிகிறது. இதற்கு ரேஜிங் புல் வழக்கு எடுத்துக்காட்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து நடந்த இந்தப் பரிந்துரை மற்றும் பயிற்சிச் சேவையின் மீது, வர்த்தக நேர்மையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையமான எஃப்டிசி 2020 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. மூன்று ஆண்டுகளில் 13.7 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததாகச் சொன்ன ஆணையத்தின் மனுவில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. வேகமாகப் பெரும் லாபம் ஈட்டலாம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது ஒன்று. தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவிலிருந்து எளிதாக வெளியேற வழிவைக்காதது மற்றொன்று. பின்னதற்கு, இணையவழி வாங்குவோரைக் காக்க 2010-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் ஆதாரமாயிற்று.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2021 ஏப்ரலில், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எஃப்டிசி பல காலமாகப் பணத்தைத் திரும்பப் பெறப் பயன்படுத்திவந்த சட்டப் பிரிவு அதற்கு இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. எஞ்சி நின்ற வழிகளில், சந்தா ரத்து தொடர்பான அந்த 2010 சட்டமும் ஒன்று. 2022 மார்ச்சில் ரேஜிங் புல் 24.25 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமல் சந்தா பிடிக்கக் கூடாது, ரத்து செய்ய எளிய வழி இருக்க வேண்டும், எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லாமல் வருமான விளம்பரம் கூடாது என்பவை நிபந்தனைகள். வசூலித்ததாகச் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால், கிடைத்தது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தியாவில் அணுகுமுறை வேறு. இங்கே லோ வழக்கைப் போன்ற விலக்கை நம்பிக் கட்டணப் பரிந்துரை விற்க முடியாது. 2013-ல் முதலீட்டு ஆலோசகர்களுக்கும் 2014-ல் பங்குகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஆய்வாளர்களுக்கும் செபி விதிகளை வகுத்தது. பரிந்துரைக்குப் பணம் வாங்குபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது. இந்தூரை மையமாகக் கொண்டு தொலைபேசியில் டிப்ஸ் விற்று, ஒரே வாடிக்கையாளரிடம் ‘பிளாட்டினம்’, ‘பிரீமியம்’ என்று அடுத்தடுத்துத் திட்டங்களைத் தலையில் கட்டிய நிறுவனங்கள் மீது குவிந்த புகார்களே கட்டண வரம்பு வரை விதிகள் இறுகக் காரணமாயின. தனிநபர் வாடிக்கையாளரிடம் ஆய்வாளர் ஒருவர் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.51 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது; இடையில் விலகினால், மீதமுள்ள காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். தானாகப் பிடிக்கப்படும் கார்டு கட்டணங்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதியும், நேரடியாக இதற்கென்று வராவிட்டாலும், சந்தாதாரருக்குப் பெரிய உதவி.

இத்தனைக்குப் பிறகும் பதிவில்லாதவர்களின் கடை நடக்கிறது. பரிந்துரையைப் ‘பயிற்சி’ என்று பெயர் மாற்றி விற்பது இப்போதைய வழி. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கியவர் மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவில், வாடிக்கையாளர்களிடம் வசூலித்த 17.2 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது. லாபக் கணக்கைக் காட்டி விளம்பரம் செய்துகொண்டிருந்த அதே இரண்டரை ஆண்டில், சொந்த வர்த்தகத்தில் அவருக்கு 2.89 கோடி ரூபாய் நிகர நஷ்டம் என்பதும் அதே உத்தரவில் இருந்தது.

பால்டிமோர் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. நீதிமன்றத்தில் தோற்றதால் ஸ்டான்ஸ்பெரியின் தொழில் படுத்துவிடவில்லை. அவர் நிறுவிய பதிப்பகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த குழுமம் மார்க்கெட்வைஸ் என்ற பெயரில் 2021 ஜூலையில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலாயிற்று. அப்போது அதற்குச் சுமார் 10 லட்சம் கட்டணச் சந்தாதாரர்கள். நூறு டாலருக்கும் குறைந்த மடலை வாசலில் வைத்து ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள உயர்நிலைச் சந்தாக்களை விற்பதும் அதன் தொழில்முறை. மொத்தம் 600 டாலருக்கு மேல் செலவழித்தவர் ‘உயர் மதிப்பு’ச் சந்தாதாரர், 5,000 டாலரைத் தாண்டியவர் ‘மிக உயர் மதிப்பு’ச் சந்தாதாரர் என்று முதலீட்டாளர்களுக்கு அளித்த ஆவணங்களிலேயே அது வகைப்படுத்தியது. சுமார் 10 டாலர் அடிப்படையில் பட்டியலான பங்கு சில ஆண்டுகளில் ஒரு டாலருக்கும் கீழே போய், 2025-ல் இருபது பங்குகளை ஒன்றாக்க வேண்டி வந்தது. அந்த நிறுவனம் தன் செயல்பாட்டின் முக்கிய அளவுகோல்களாக ஒழுங்காக வெளியிட்டுவந்தவை சந்தாதாரர் எண்ணிக்கை, ஒரு சந்தாதாரரிடமிருந்து கிடைக்கும் சராசரி வருமானம், வசூலான பில் தொகை ஆகியவை. பரிந்துரைத்த பங்குகள் என்ன ஆயின என்பது அந்த வரிசையில் இல்லை.